ரோஸியைக் கூப்பிட்டால்

8 ஜூன் 1983

பள்ளிக்கூடத்தில் ரோஸியைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

காலையில் எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டு, ஈஸ்டருக்கு எடுத்த நீலக் கவுனை மாட்டி அழைத்துப் போனேன். ஒரகடம் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்றன. பாதிப் பேர் என் பால்வாடியில் இருந்துவிட்டுப் போகிறவர்கள்தான். என்னைப் பார்த்ததும் "டீச்சர், டீச்சர்" என்று ஓடி வந்து புடவையைப் பிடித்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் கோதண்டம் ஒவ்வொருவரையும் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டால் வயது சரி.

ரோஸி முறை வந்தது. "கைய இப்டி வெச்சி காதத் தொடு பாப்பா" என்றார். அவள் மேசைமேல் இருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானே அவள் கையைத் தூக்கித் தலைமேல் வைத்தேன். காதைத் தாண்டிக் கழுத்துவரை எட்டியது. ஆறு வயது ஆகப்போகிறதே, எட்டாதா?

"உன் பேர் இன்னா?"

"உன் பேர் இன்னா" என்றாள் ரோஸி.

"பேரச் சொல்லும்மா."

"பேரச் சொல்லும்மா."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து அவருக்கு முகம் சிவந்தது. பிறகு அவருக்கே ஏதோ தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "கிரேசியம்மா, நீங்களே ஒரு டீச்சர். ஒங்களுக்குத் தெரியாததா? மொதல்ல காது கேக்குதான்னு பாருங்க. இந்த வருசம் வேணாம்."

நான் ஒரு டீச்சர். எனக்குத் தெரியாததா.

9 ஜூன்

ரோஸியின் அப்பா ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்ததும் சொன்னேன். மறைமலை நகரில் லாரிக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் லேத் மெஷின் அவருக்கு. ராத்திரி முழுக்க நின்ற கால். "அடுத்த வருசம் சேத்துக்கலாம்" என்றார். படுத்துவிட்டார்.

வயிற்றில் இரண்டாவது. மூன்றாம் மாதம். வேறு எதையும் இன்று எழுத முடியவில்லை.

13 ஜூன்

பால்வாடியில் புதிய பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் தெரு எல்லப்பனின் மகள், மூன்று வயதுகூட ஆகவில்லை, மூக்கு ஒழுகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி "டீச்சர், காக்கா" என்றது. காக்காயைப் பார்த்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தது — நான் காக்காயைப் பார்த்தேனா என்று.

எத்தனை வருடமாக எத்தனை பிள்ளைகள் இப்படிக் காட்டியிருக்கிறார்கள். இன்றைக்குத்தான் உறைத்தது. ரோஸி இதுவரை எனக்கு எதையுமே காட்டியதில்லை. ஒரு நாய், ஒரு நிலா, ஒரு விமானம் — ஒன்றும் இல்லை. வேண்டியதை எடுத்துத் தரச் சொல்லி என் கையைப் பிடித்து இழுப்பாள். 'அம்மா, பார்' என்று ஒருநாளும் இல்லை.

என்னோடு பால்வாடிக்கு வருகிறவள், கூடத்து மூலையில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். "ரோஸி" என்றேன். இரண்டு சின்னப் பிள்ளைகள் திரும்பின. அவள் திரும்பவில்லை.

19 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்ததும் லூர்தம்மாள் அண்ணி ரோஸியின் பின்னால் போய் நின்று படாரென்று கையைத் தட்டினார்கள். அவருடைய அக்கா, ஊரில் எல்லாருக்கும் நியாயம் சொல்கிறவர்கள். ரோஸி அசையவே இல்லை. "செவிடுதான்டா யாகப்பா" என்றார்கள் தம்பியிடம்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் வாசலில் மிட்டாய்க்காரன் காகிதத்தைச் சரசரவென்று பிரித்தான். ரோஸி சட்டென்று திரும்பினாள்.

"அப்ப செவிடு இல்ல, திமிரு" என்றார்கள் அண்ணி. "இவ வேலைக்கிப் போறா, புள்ளைய யாரு வளக்கறது?"

 அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

5 ஜூலை

சென்னைக்குப் போய் வந்தோம். தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில். பெரிய ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற பகுதி. தலையில் மாட்டுகிற கருவியை ரோஸி பிடுங்கிப் போட்டுவிட்டாள். அங்கே இருந்த பெண், சரோஜா என்று பெயர், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவளாம். அந்தக் கருவியை ஒதுக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்து, அவள் பின்னால் ஒரு சின்ன மணியை மெல்ல ஆட்டினாள். பிறகு பிஸ்கோத்துக் காகிதம். பிறகு ஒரு கரண்டியும் கிண்ணமும். ஒவ்வொன்றுக்கும் ரோஸியின் கண் எப்படி ஓடுகிறது என்று பார்த்தாள்.

"காது நல்லா கேக்குது. நம்மளவிட நல்லாவே கேக்குது. அவ திரும்பாததுக்குக் காது காரணம் இல்லம்மா. ஒரு நாள் நிதானமாக் கூட்டிட்டு வாங்க, நான் கொஞ்ச நேரம் இவளோட இருந்து பாக்கணும்."

ஆனால் அவளுக்கு மேலே இருந்த காது டாக்டர் மனநல டாக்டருக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். மனநலம் என்றதும் ரோஸியின் அப்பா முகம் கறுத்துவிட்டது. "பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டரா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

காது கேட்கிறது. சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? செவிடாக இருந்திருந்தால் காரணமாவது இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மாதாவே, இது என்ன நினைப்பு.

26 ஜூலை

டாக்டர் தணிகாசலம். வயதானவர், நல்ல பெயர், வெள்ளைச் சட்டை. மேசைமேல் ஒரு பலகை. அதில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று குழிகள். கட்டைகளை எடுத்து அந்தந்தக் குழியில் பொருத்த வேண்டும். ரோஸி மடமடவென்று பொருத்திவிட்டாள். டாக்டரே புருவத்தை உயர்த்தினார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடி வட்டக் கட்டையை வெளியே எடுத்துப் பம்பரம்போலச் சுற்றிவிட்டு, குனிந்து, கன்னத்தை மேசையில் வைத்து, அது சுற்றுவதையே பார்க்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் அவள் அங்கே இல்லை. டாக்டர் அவள் மோவாயைப் பிடித்து முகத்தைத் தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு என்னைச் சோதித்தார். தாய்ப்பால் எத்தனை மாதம்? எப்போது வேலைக்குப் போனேன்? குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவேனா? ராத்திரி யார் பக்கத்தில் படுப்பாள்? நான் வேலை செய்கிற இடத்தில் எத்தனை குழந்தைகள்? சொன்னேன்.

"ஊர்க் கொழந்தைங்களுக்கெல்லாம் குடுத்துட்டு, ஒங்க கொழந்தைக்கு மிச்சம் வெக்கலம்மா. பாசம் கெடைக்காத கொழந்த தனக்குள்ளயே போயிடும். இது அதுதான். வேலைய விடுங்க. கூடவே இருங்க. கட்டிப் புடிங்க. ஆறு மாசம் பாக்கலாம். இல்லன்னா ஒரு ஹோமுல விடறதுதான் நல்லது."

ரோஸியின் அப்பா எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது ரயிலில் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் பாசம் வைக்கலையா? நானா? அவ தூங்கும்போது மூச்சு வருதான்னு மூக்குகிட்ட கை வெச்சிப் பாக்கறவ நான். அத யாரு எழுதிக்கிறது?

1 ஆகஸ்ட்

பால்வாடிக்கு நீண்ட விடுப்பு. ஆயா கங்கம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இல்லாம இந்தக் குட்டிங்கள நா எப்டிமா மேய்ப்பேன்?" நான் அழவில்லை. டாக்டர் சொன்னதைச் செய்தால் சரியாகிவிடும் என்று இன்றைக்கு நம்பிக்கை இருக்கிறது.

11 ஆகஸ்ட்

கட்டிப் பிடித்தேன். காலையில், மதியம், சாயங்காலம். அவள் உடம்பு விறைத்துக் கட்டைபோல ஆகிறது. விடாமல் பிடித்தேன். கத்தினாள். இன்னும் இறுக்கினேன் — அப்படித்தான் வேண்டும் என்று நினைத்து. என் தோளில் கடித்துவிட்டாள். ரத்தம் வந்தது. விட்டதும் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்று, தன் இரண்டு கையாலும் தன்னையே கட்டிக்கொண்டு ஆடினாள்.

முன்பெல்லாம் நான் முறத்தில் அரிசி புடைக்கும்போது, முதுகில் தன் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்காருவாள். இந்த வாரம் அதுவும் இல்லை.

2 செப்டம்பர்

பால்வாடிக்குக் கிளம்புகிற வேளை வந்தால் என் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போடுகிறாள். நான் கிளம்பாததால் தரையில் தலையை மோதிக்கொள்கிறாள். தினமும்.

20 செப்டம்பர்



காலையில் வாந்தி எடுக்கக் கொல்லைப் பக்கம் போனேன். திரும்பி வந்தால் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. ரோஸி இல்லை.

ஏரிக்கரைக்கு ஓடினேன். கிணறு கிணறாக எட்டிப் பார்த்தேன். எல்லப்பன் வந்தார், கங்கம்மாள் பால்வாடியை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். ரோஸி, ரோஸி என்று ஊரே கத்தியது. நானும் கத்தினேன். கத்தும்போதே தெரியும், கூப்பிட்டால் அவள் வரமாட்டாள் என்று. பக்கத்துப் புதரில் உட்கார்ந்திருந்தாலும் "இங்க கீறேன்" என்று சொல்லமாட்டாள். தண்ணியில வுழுந்தாக்கூட அம்மான்னு கத்தமாட்டாளே, சேசுவே, கத்தமாட்டாளே.

மதியத்துக்கு மேல் கம்பெனி வேனில் அவர் அவளைக் கொண்டுவந்து இறக்கினார். நடந்தது இதுதான். கூட்டுரோட்டில் நின்ற கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டிருக்கிறாள். யாரோ ஒருவரின் பிள்ளை என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். மறைமலை நகரில் எல்லாரும் இறங்கிய பிறகு இவள் மட்டும் சீட்டில். காவல்காரர் பெயர் கேட்டிருக்கிறார். "உன் பேர் இன்னா" என்றிருக்கிறாள். அப்பா பேர்? "அப்பா பேர்." ஊர்? "ஊர்." கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு உள்ளே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காலை ஷிஃப்டில் இருந்த இவர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

இவரைப் பார்த்தும் அவள் எழுந்து வரவில்லை. கேட்டில் இருந்த சங்கிலியை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஒன் கொழந்தன்னு எப்டிய்யா நம்பறது? ஒன்னியப் பாக்கவே மாட்டுது" என்றாராம் காவல்காரர்.

"ரோஸி, அப்பாடா. அப்பாவப் பாருடா." அத்தனை பேர் நடுவில் மண்டி போட்டுக் கெஞ்சியிருக்கிறார். அவள் சங்கிலியை விடவில்லை. கடைசியில் சூப்பர்வைசர் ராமன் வந்து, "அவரு பொண்ணுதான், நாதான் சொல்றேன்ல, வுடு" என்ற பிறகுதான் விட்டிருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். முடிவில், "என்னத் தெரியலடி அவளுக்கு" என்றார்.

தெரியும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

22 செப்டம்பர்

"ஹோமுல வுட்ருலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

15 அக்டோபர்

செங்கல்பட்டுப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லம். அவரும் அண்ணியும் நானும் ரோஸியும் போனோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. தரை பளபளவென்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு நல்ல துணி. அங்கே பொறுப்பில் இருந்த சிஸ்டர் அன்பானவர்கள். "இங்க யாரும் அடிக்க மாட்டாங்கம்மா. ஜனவரில ஒரு எடம் ஆவும். அதுவரைக்கும் ஜெபம் பண்ணுங்க" என்றார்கள்.

பாயில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ரோஸி தானாகவே போய் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். சுவரைப் பார்த்து ஆட ஆரம்பித்தாள். பக்கத்தில் அவள் வயதுப் பெண் ஒன்றும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, எவ்ளோ அமைதியா கீறா" என்றார் அவர். அண்ணியும் தலையாட்டினார்கள்.

அமைதிதான். அந்தக் கூடத்தில் யாரும் யாரிடமும் பேசவில்லை. யாரும் பேச வேண்டியதும் இல்லை. இங்கே விட்டால் அவள் அழமாட்டாள். நான் போய்விட்டேன் என்று தேடவும் மாட்டாளோ? அந்த யோசனை வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் நாற்காலி போட்டார்கள். நிறைமாதம் நெருங்குகிறதால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

30 அக்டோபர்

சண்டை. கல்யாணம் ஆனதிலிருந்து இப்படி ஒரு சண்டை போட்டதில்லை.

காதைப் பார்த்த அந்தப் பெண் சரோஜாவிடம் ஒருமுறை காட்டுவோம் என்றேன்.

"எத்தினி பேருகிட்டதான்டி காட்டுவ? பெரிய டாக்டரே சொல்ட்டாரு."

"பெரிய டாக்டரு அவளப் பாக்கலங்க. என்னத்தான் பாத்தாரு."

"ஒன்னப் பாத்து இன்னா தப்பா சொன்னாரு?"

அப்படியென்றால் அவரும் நம்பியிருக்கிறார். இத்தனை நாளும் நம்பிக்கொண்டுதான் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அந்த இடத்தில் என் வாயில் இருந்து வந்துவிட்டது: "அந்தப் பொண்ணும் அதையே சொன்னா, நானே துணிய மூட்ட கட்டி ஹோமுக்குக் கூட்டிகினு வரேன். சத்தியம்."

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

15 நவம்பர்

நடந்ததை அப்படியே எழுத வேண்டும். மறந்துவிடக் கூடாது.

சரோஜாவுக்கு என்னை நினைவிருந்தது. "வருவீங்கன்னு நெனச்சேன். லேட்டாயிடுச்சு, பரவால்ல" என்றாள். சின்ன அறை, ஒரு கோரைப்பாய். எங்கள் இருவரையும் சுவரோரமாக உட்காரச் சொன்னாள். ரோஸியிடம் பேசவே இல்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. தானும் பாயில் உட்கார்ந்து, தகரத் தவளை ஒன்றுக்குச் சாவி கொடுத்து விட்டாள். அது தத்தித் தத்திப் போய் நின்றது. சரோஜா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. 'ரோஸி, தவளை பார்' என்று சொல்ல வாய் வந்தது. சரோஜா வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

வெகுநேரம் கழித்து ரோஸி நகர்ந்து வந்தாள். சரோஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, தவளைச் சாவியின்மேல் வைத்தாள். இடுக்கியை எடுத்து வைப்பதுபோல. சரோஜா சாவி கொடுத்தாள். மறுபடியும் நின்றது. மறுபடியும் கையைத் தூக்கி வைத்தாள்.

பிறகு சுவரில் ஒரு பல்லி. "அதோ பல்லி" என்று சரோஜா விரலை நீட்டினாள். ரோஸி அந்த விரலின் நுனியையே பார்த்தாள். பல்லியைப் பார்க்கவில்லை. அவர் என் பக்கத்தில் பெருமூச்சு விட்டார்.

கடைசியாக ஒரு கண்ணாடிப் புட்டி. உள்ளே பிஸ்கோத்து, மூடி இறுக்கம். ரோஸி முயன்று பார்த்தாள், முடியவில்லை. எழுந்து என்னிடம் வந்து, என் கையை இழுத்து மூடிமேல் வைத்துச் சொன்னாள்: "உனக்கு பிஸ்கோத்து வேணுமா?"

எனக்குக் கூச்சமாகிவிட்டது. "இப்டித்தாம்மா, தனக்கு வேணும்னா நம்மளக் கேப்பா. தலகீழாப் பேசுவா" என்றேன்.

"இந்த வார்த்தைய இவ எங்க கேட்டா?"

"நான்தான் குடுக்கும்போது கேப்பேன். உனக்கு பிஸ்கோத்து வேணுமான்னு."

"அப்ப பிஸ்கோத்து வர்றதுக்கு முன்னாடி எப்பவும் அந்தச் சத்தம்தான் வந்திருக்கு. பிஸ்கோத்து வேணும்னா அந்தச் சத்தத்தப் போடணும்னு கண்டுபுடிச்சிருக்கா. நீங்க குடுத்த வார்த்தையிலதான் ஒங்ககிட்ட பேசிட்டிருக்கா. பேசல, பேசலன்னு சொல்றீங்களே. இது பேச்சுதாம்மா."

எத்தனை வருடம். நான் தண்ணீர் கொடுக்கும்போது, சோறு போடும்போது, சட்டை மாட்டும்போது — எல்லாமே கேள்வியாகத்தான் கேட்டிருக்கிறேன்.

பிறகு சரோஜா அவரிடம் திரும்பினாள். "நீங்க வேலை முடிஞ்சி வீட்டுக்கு வந்தா இவ என்ன பண்ணுவா?"

"ஒண்ணும் பண்ண மாட்டா. பாக்கக்கூட மாட்டா."

"ஓடி வந்து கட்டிக்கறது, அப்பான்னு கூப்புடறது, அத விடுங்க. என்ன பண்ணுவான்னு கேட்டேன்."

அவர் யோசித்தார். "சட்டைய மோந்து பாப்பா" என்றார். "வந்ததும் கிட்ட வந்து, என் கைப்பக்கம் மூக்க வெச்சி மோப்பா. மெஷின் எண்ணெ நாத்தம்... அது பழக்கம். அப்பறம் போய்ட்டு அவ வேலையப் பாப்பா."

"வேற யாரு சட்டையாவது மோந்து பாத்திருக்காளா?"

அவர் என்னைப் பார்த்தார். இல்லை. யாருடையதும் இல்லை. என்னுடையதுகூட இல்லை.

"அவ 'அப்பா வந்தாச்சு'ன்னு அப்படித்தான் சொல்றா. ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்தார்.

சரோஜா இதற்குப் பெயர் ஆட்டிசம் என்றாள். தானே சமீபத்தில்தான் படித்தேன் என்றாள். பிறவியிலேயே வருவதாம். மற்றவர் முகத்தைப் படிப்பது, தன் மனதில் இருப்பதைக் காட்டுவது, இதெல்லாம் மற்றப் பிள்ளைகளுக்குத் தானாக வரும், இவளுக்கு வராது. மண்டைக்குள் அறிவு இல்லாமல் இல்லை.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "என்னாலயாம்மா? நா வேலைக்கிப் போனதாலயா?"

"இல்ல. அம்மாவாலதான்னு முன்னாடி எழுதி வெச்சாங்க. நெறைய டாக்டருங்க அதத்தான் இன்னும் சொல்றாங்க. அது தப்பும்மா. யாராலயும் இல்ல."

"சரியாயிடுமா?" என்று அவர் கேட்டார்.

"பேச்சு கூடும். பழக்கவழக்கம் நெறையக் கத்துப்பா. மத்த கொழந்தைங்க மாதிரி ஆயிடுவாளான்னு கேட்டா, மாட்டா. ஒங்கள சந்தோஷப்படுத்தறதுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன்."

என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். கேள்வி கேட்காதே, அவள் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவளுக்குப் பதிலாக நீயே சொல். "எனக்குப் பிஸ்கோத்து வேணும்" என்று. பெயரைக் கூப்பிடும்போது தோளைத் தொடு. இறுக்கிப் பிடிக்காதே. மாதம் ஒருமுறை கூட்டி வா. பால்வாடிக்குப் போக வேண்டும் என்று அவள் செருப்பைக் கொண்டுவந்து போட்டால், தயவுசெய்து போ.

திரும்பும்போது மின்சார ரயிலில் இடம் கிடைத்தது. ரோஸி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். பல்லாவரம் தாண்டியதும் அவர் சொன்னார். "அன்னிக்கி கேட்டுல, சட்டைய நீட்டியிருந்தாப் போதும்டி."

17 நவம்பர்

எனக்குச் சந்தோஷம் இல்லை. இருக்க வேண்டும் என்று நேற்று முழுக்கக் காத்திருந்தேன். குற்றம் இறங்கிவிட்டது. அது இருந்த இடத்தில் இப்போது வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. மாட்டாள். மற்றவர்கள் மாதிரி ஆகமாட்டாள். நான் செத்த பிறகு?

வயிற்றில் இருக்கிறது உதைக்கிறது. இதுவும் அப்படியே வந்தால்? சரோஜாவிடம் இதைக் கேட்கப் பயந்து கேட்காமலே வந்துவிட்டேன்.

12 டிசம்பர்

ஆண் குழந்தை. சுகம். மரியஜோசப் என்று பெயர் வைக்க வேண்டும் என்கிறார் அவர்.

8 ஜனவரி 1984

இல்லத்திலிருந்து ஆள் வந்து, இடம் காலியாகிவிட்டது, கூட்டி வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். எங்கே என்று என்னிடமும் சொல்லவில்லை. நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ரோஸியின் துணிகள் இருந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியம் செய்தது நான்தான். ஆனால் சரோஜா ஹோமில் விடச் சொல்லவில்லையே. இருந்தாலும் பயம்.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். "வேற யாராவது புள்ளைக்கிக் குடுங்க சிஸ்டர்னு சொல்ட்டேன்" என்றார். ரோஸி வந்து அவர் கைப்பக்கம் மூக்கை வைத்தாள். மோந்து முடிக்கும்வரை அசையாமல் நின்றார்.

அண்ணிக்குக் கோபம். இருட்டியதும் வாசல்வரை வந்தவர்கள், உள்ளே வராமலே திரும்பிவிட்டார்கள்.

20 மார்ச்

பால்வாடிக்குத் திரும்பிவிட்டேன். கைக்குழந்தையைக் கங்கம்மாள் பார்த்துக்கொள்கிறாள். ரோஸி பழைய மூலையில், பழைய நூல்கண்டு. தலை மோதிக்கொள்வது நின்றிருக்கிறது.

கங்கம்மாளுக்கும் சொல்லிக் கொடுத்தேன், கேள்வி கேட்காதே என்று. அவளால் முடியவில்லை. "தண்ணி வேணுமாடி? ஐயோ கேட்டுட்டனே" என்று தன் வாயிலேயே அடித்துக்கொள்கிறாள்.

2 ஏப்ரல்

"எனக்குத் தண்ணி வேணும்" என்றாள். என்னிடம் இல்லை, பானையிடம். பானையைப் பார்த்துத்தான் சொன்னாள். ஓடிப்போய் மொண்டு கொடுத்தேன்.

11 ஜூன்

இந்த வருடமும் சேர்க்கவில்லை. சரோஜா சொன்னதையெல்லாம் கோதண்டம் சாரிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா ஒரு வகுப்புல அறுவது பசங்க. ஒத்த வாத்தியாரு. இதுக்கு யாரு சாவி குடுத்துகினு ஒக்காருவா, சொல்லுங்க?"

 போன வருடத்துப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போகின்றன. என்னைப் பார்த்து "டீச்சர்" என்று கையை ஆட்டினார்கள். ரோஸி பால்வாடிப் பிள்ளைகள் நடுவில் தென்னம்பிள்ளைபோல வளர்ந்து நிற்கிறாள். இன்னும் எத்தனை வருடம் அங்கே வைத்திருக்க முடியும்?

வீட்டுக்கு வந்து ஸ்லேட்டில் நானே 'அ' எழுதினேன். அவள் அதை அழித்துவிட்டு வட்டம் போட்டாள். வட்டம், வட்டம், வட்டம்.

29 ஜூலை, ஞாயிறு

லூர்தம்மாள் அண்ணி வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ரோஸியைக் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. நான் சொல்லித் தந்தபடி தோளைத் தொட்டுக் கூப்பிட்டார்கள். கண் ஒரு நொடி வந்து போனது. "பாத்துட்டாடி!" என்று கூவினார்கள். பிறகு தாங்களே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

19 ஆகஸ்ட்

யாரிடமும் சொல்லாமல் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜோசப்பைச் சோதிக்கிறேன். தினமும். எட்டு மாதம்தான் அவனுக்கு. சிரிக்கும்போது என் கண்ணைப் பார்க்கிறானா என்று பார்க்கிறேன். பால் குடிக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறானா? விளையாட்டுக் காட்டுகிற சாக்கில் சோதிக்கிறேன். அவனோடு ஒருநாள்கூட நான் சும்மா விளையாடவில்லை. ரோஸி இந்த வயதில் எப்படி இருந்தாள் என்று நினைவைக் கிளறிப் பார்த்தால், ஒன்றும் பிடிபடவில்லை.

இன்று சாயங்காலம் அவன் பாயில் குப்புறப் படுத்து ஒரு கிலுகிலுப்பையோடு இருந்தான். நான் பின்னால் அடுப்பருகில் நின்று, சாதாரணக் குரலில், "ஜோசப்பு" என்றேன்.

திரும்பினான். கழுத்தைத் திருப்பி, என்னைத் தேடி, என் முகத்தில் வந்து நின்று, பல் இல்லாத வாயால் சிரித்தான். அவ்வளவு சுலபமாக.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. நிற்கவில்லை. அவன் திரும்பினான் என்ற சந்தோஷம் என்று சொல்லலாம். முழுக்க அது இல்லை. எத்தனை ஆயிரம் முறை ரோஸி என்று கூப்பிட்டிருப்பேன். அவ்வளவும் சேர்ந்து வந்தது. இவனைப் பார்த்து அழுகிறேனா, அவளை நினைத்து அழுகிறேனா — யாருக்காக அழுதாலும் இன்னொரு பிள்ளைக்குத் துரோகம் செய்வதுபோல இருந்தது.

ரோஸி சுவரோரம் நூல்கண்டு உருட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. எழுந்து வந்தாள். எனக்கு எதிரில் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை, மோவாயில் இருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

தம்பி அழுதால் நான் என்ன சொல்வேனோ, அதே ராகத்தில், அதே இழுவையோடு, என் குரலிலேயே சொன்னாள்:

"இன்னாடா கண்ணு, பசியா?"

கேள்வியாகக் கேட்கக் கூடாது, சரியான வாக்கியத்தைச் சொல்லித் தர வேண்டும். தெரியும். இன்றைக்குத் திருத்தவில்லை.

"ஆமாம்மா, பசிதான்" என்றேன்.

அவர் ஷிஃப்டில் இருந்து வர இன்னும் நேரம் இருந்தது. சோற்றை வடித்து, அவளுக்கும் எனக்குமாக இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.